காலையில் மட்டும் செங்கல் நிறம்

வெள்ளவத்தை, கொழும்பு
6-2-1938

பூரணத்துக்கு எழுதுவது,

சுகம் விசாரித்துத் தொடங்க மனம் வரவில்லை. முழுக் கடிதமும் உம்முடைய சுகத்தைப் பற்றியதுதான், ஆகையால் நேரே விசயத்துக்கு வருகிறேன்.

நேற்று மீனாம்பிகை அக்காவின் கடிதத்தை எடுத்துக்கொண்டு டொக்டரிடம் போனேன். அக்கா ஒளிவுமறைவு இல்லாமல் எழுதியிருந்தார். பொழுதுபடும் நேரத்தில் உம்முடைய சிறுநீரை அந்த நீல மருந்தோடு காய்ச்சினால் நீலம் நீலமாகவே நிற்கிறதாம். விடியக் காய்ச்சினால் சீனி கூடிச் செங்கல் நிறமாம். ஒரு நாள் இரண்டு நாள் அல்ல, ஒவ்வொரு நாளும் இதே கதைதானாம். டொக்டர் முழுவதையும் கேட்டுவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"மிஸ்டர் சீவரத்தினம், பொழுதுபட இல்லாத சீனி விடியிறதுக்குள்ளை எங்கையிருந்து வந்தது? உம்முடைய மனுசி ராவிலை எழும்பிச் சாப்பிடுறா. வேறை ஒண்டுமில்லை."

பக்கத்தில் நின்ற தாதிப் பெண் சிரிப்பை அடக்கிக்கொண்டு திரும்பிக்கொண்டாள். எனக்கு எழுந்து ஓடிவிடலாம் போலிருந்தது. கந்தோரில் என்னைக் கண்டால் சிறிய கிளார்க்குமார் எழுந்து நிற்பார்கள். அப்படிப்பட்டவன், சொந்தப் பெண்சாதி இரவிலே பானைக்குள் கை விடுகிறாள் என்று கேட்டுக்கொண்டு நிற்கவேண்டியதாயிற்று.

போன வருடம் இங்கே ஆஸ்பத்திரிக் கட்டிலில் எலும்பும் தோலுமாய்க் கிடந்த உம்மை எழுப்பி நடக்கவைத்தது இந்த இன்சுலின்தான். இது வருவதற்கு முந்தி உம்மைப்போல் இள வயதில் சலரோகம் வந்தவர்கள் ஒருவரும் தப்பியதில்லை என்று உமக்கு முன்னால் வைத்தே சொன்னார்கள். மறந்துவிட்டீரா? ஒவ்வொரு முறையும் குப்பியை ஈரத் துணியில் சுற்றி, மெயில் ரயிலில் சுன்னாகத்துக்கு வருகிற தெரிந்தவர் யார் என்று தேடித் திரிகிறேன். ஊசியைக் கண்டால் கண்ணை மூடுகிற அக்கா, உமக்காக அதைப் பழகிக் காலையும் பின்னேரமும் தன் கையாலேயே போட்டுவிடுகிறார். நாங்கள் இவ்வளவும் செய்ய, உமக்கு வாயை மட்டும் கட்ட முடியவில்லை.

பின்னேர ஊசியைக் கூட்டிப் போடும்படி டொக்டர் சொன்னார். அதை அக்காவுக்கு எழுதியிருக்கிறேன். குசினிக்குப் பூட்டுப் போடவும் எழுதியிருக்கிறேன். திறப்பு அக்காவிடம் இருக்கும். கோபத்தில் செய்கிறேன் என்று நினைக்கவேண்டாம். உம்முடைய உயிருக்காகத்தான்.

சீ. சீவரத்தினம்


பண்டத்தரிப்பு
10-2-1938

கொழும்பில் இருக்கும் என் வீட்டுக்காரருக்கு,

நீங்கள் சுகம் விசாரிக்கவில்லை. நானும் விசாரிக்கவில்லை. சரிக்குச் சரி.

நான் களவாய்ச் சாப்பிடுகிறேன் என்று எழுத உங்களுக்குக் கை கூசவில்லையா? கலியாணம் முடித்து இத்தனை வருடத்தில் இந்த வீட்டிலே கேட்காமல் ஒரு வெற்றிலை எடுத்திருப்பேனா? மச்சாள் எழுதியது பொய் என்று நான் சொல்லவில்லை. காலையில் செங்கல் நிறம் வருகிறது, மெய்தான். அதைக் காய்ச்சிக் கண்ணாலே பார்க்கிறவளே நான்தான். ஆனால் அதற்குக் காரணம் என்ன என்று என்னிடம் ஒரு வார்த்தை கேட்டீர்களா? மச்சாளின் கடிதத்தை டொக்டரிடம் கொண்டு போனீர்கள். டொக்டரின் சொல்லை மச்சாளுக்கு எழுதினீர்கள். வருத்தக்காரி நான், நோய் என்னுடையது. எனக்குத் தீர்ப்பு மட்டும் வந்து சேர்ந்தது.

இராச்சாப்பாடு என்ன தெரியுமா? குரக்கன் மாப் பிட்டும் முருங்கையிலையும். டொக்டர் சொன்ன அளவுக்கு மச்சாள்தான் தட்டில் போட்டுத் தருகிறார். கோயிலில் இரவுப் பூசை மணி கேட்டு, அதன் பிறகு சாப்பிட்டு, கை கழுவிப் படுத்தால் விடியத்தான் எழும்புகிறேன். மச்சாள் எனக்குக் குறுக்கே பாய் போட்டுப் படுக்கிறார். அவரைத் தாண்டிப் போய்க் குசினிக்குள் சமாராதனை நடத்துகிறேன் என்கிறீர்கள்!

உங்கள் கடிதம் வந்த அன்றே தச்சுவேலை ஏரம்பு வந்து குசினிக் கதவுக்குக் கொளுக்கி அடித்தார். வேலை முடித்து, "ஆருக்குப் பூட்டு, பூனைக்கோ?" என்று பகிடியாய்க் கேட்டார். மச்சாள் என் பக்கம் பார்த்தார். ஏரம்புக்கு விளங்கிவிட்டது. அடுத்த நாள் கிணற்றடியில் எல்லோருக்கும் விளங்கிவிட்டது. "அவளுக்கு வாயைக் கட்டேலாமல் கிடக்கு. பாவம், வருத்தக்காரி, என்ன செய்யிறது?" என்று மச்சாள் சொன்னாராம். கள்ளி என்று ஏசியிருந்தாலும் பொறுத்திருப்பேன். அந்தப் பாவம் என்ற சொல்தான் எனக்குச் சுட்டது.

இன்னொன்றும் எழுதவேண்டும். பின்னேர ஊசி போட்டபின், பொழுதுபடுகிற நேரத்தில் எனக்குக் கை நடுங்குகிறது. நெஞ்சு படபடக்கிறது. சட்டை நனைய வியர்க்கிறது. முன்பு ஒரு துண்டு பனங்கட்டியை வாயில் போட்டால் அடங்கிவிடும். இப்போது பனங்கட்டியும் பூட்டுக்குள்ளே. இதை டொக்டரிடம் சொல்லுங்கள். வேறு எதை மறந்தாலும் இதை மறக்கவேண்டாம்.

பூரணம்


வெள்ளவத்தை
16-2-1938

பூரணத்துக்கு,

உம்முடைய கடிதத்தை இரண்டு முறை வாசித்தேன். கெட்டிக்காரி. ஒருவரையும் விடாமல் குற்றம் சொல்லியிருக்கிறீர். என்னை, அக்காவை, டொக்டரை, பூட்டு அடித்த ஏரம்பைக்கூட.

ஆனால் அவ்வளவையும் எழுதிவிட்டு, முடிவில் உம்முடைய கையாலேயே ஒத்துக்கொண்டீர். பனங்கட்டி! சலரோகக்காரி பனங்கட்டி தின்னலாமா? கடைச் சீனி கூடாது, எங்கள் பனையில் வந்தால் குற்றமில்லை என்று யார் உமக்குச் சொன்னது? பொழுதுபட ஒரு துண்டு என்றால், இரவில் எத்தனை துண்டோ, யார் கண்டார்? நடுக்கமும் படபடப்பும் வருகிறதாம். களவு பிடிபட்டால் எல்லோருக்கும் வருவதுதான். இதைப்போய் டொக்டரிடம் சொல்லி இன்னொருமுறை சிரிப்பு வாங்க நான் தயாரில்லை.

பூட்டுப் போட்டபிறகும் காலையில் அதே செங்கல் நிறம் என்று அக்கா எழுதியிருக்கிறார். அவர் அழுதழுது எழுதிய எழுத்து, மை எல்லாம் ஊறிக் கிடக்கிறது. உமக்காக வெள்ளிக்கிழமை விரதம் பிடிக்கிறாராம். பூட்டின குசினிக்குள் போகவும் உமக்கு வழி இருக்கிறது போலிருக்கிறது. டொக்டர் பின்னேர ஊசியை இன்னும் கூட்டச் சொல்லிவிட்டார். அக்காவுக்கு எழுதிவிட்டேன்.

இணுவிலில் மாமாவுக்கும் எழுதினேன். பெற்ற தகப்பன் சொன்னாலாவது கேட்பீர் என்று. இதற்கும் மசியாவிட்டால் கொஞ்ச நாள் அவரோடு போய் இருப்பது நல்லது. இனி என்னாலும் அக்காவாலும் உம்மைக் காவல் காக்க முடியாது.

சீவரத்தினம்


பண்டத்தரிப்பு
26-2-1938

வீட்டுக்காரருக்கு,

இந்தக் கடிதம் உங்களுக்கு வருவதே பெர்னடெட் அக்காவின் புண்ணியம். வேலிக்கு அந்தப் பக்கத்து வீட்டில் இருக்கிறவ. அவ இல்லாவிட்டால் இன்றைக்கு உங்களுக்குத் தந்திதான் வந்திருக்கும்.

முதலில் அப்பாவைப் பற்றி. உங்கள் கடிதத்தை மடியில் கட்டிக்கொண்டு, இணுவிலில் இருந்து இந்த வெயிலுக்குள்ளே நடந்து வந்தார். உள்ளே வரவில்லை. படலையிலே நின்றுகொண்டு, "பிள்ளை, உன்னை நாங்கள் உப்பிடியே வளத்தனாங்கள்?" என்று கேட்டார். "இல்லை அப்பு, நான் எடுக்கேல்லை" என்றேன். கடிதத்தை எடுத்து எனக்குக் காட்டினார். "அவர் படிச்ச மனுசன். பொய் எழுதுவாரே?" ஒரு வாய் தண்ணீர் குடிக்காமல் திரும்பிப் போனார். நான் படலையைப் பிடித்துக்கொண்டு அவர் ஒழுங்கை திரும்பும்வரை பார்த்துக்கொண்டு நின்றேன். என் ஆயுளுக்கும் இதை உங்களுக்கு மன்னிக்கமாட்டேன். மார்க்கண்டுவின் மகள் கள்ளி என்று மார்க்கண்டுவையே நம்பவைத்துவிட்டீர்களே, உங்கள் படிப்பை என்னென்று சொல்ல!

நேற்று வெள்ளிக்கிழமை. கோயிலுக்குப் போகவேண்டும் என்று மச்சாள் வழமையைவிட முந்தி, பின்னேரம் மூன்று மணிபோல ஊசியைப் போட்டார். நீங்கள் கூட்டச் சொன்ன அளவு. போட்டுவிட்டுக் குசினியைப் பூட்டித் திறப்பை இடுப்பில் செருகிக்கொண்டு போய்விட்டார். பொழுது சாயத் தொடங்கும்போது எனக்கு நடுக்கம் வந்தது. பிறகு வியர்வை. பிறகு குசினிக் கதவு இரண்டாய்த் தெரிந்தது. கொளுக்கியைப் பிடித்து இழுத்தது மட்டும் நினைவிருக்கிறது. வேலி ஓட்டைக்குள்ளால் பார்த்த பெர்னடெட் அக்கா, நான் கதவடியில் கிடந்து வாய் குழறுவதைக் கண்டு ஓடி வந்தா. பேய் பிடித்துவிட்டது என்றுதான் முதலில் நினைத்தாவாம். மேல் குளிர்ந்து கிடந்ததைக் கண்டு சீனித் தண்ணீர் கரைத்துக் கொண்டுவந்து பருக்கினா. "விழுங்கு பிள்ளை, விழுங்கு. மாதாவே, சாப்பாட்டைப் பூட்டிப்போட்டே போனவை?" என்று அவ அழுதது எனக்குத் தூரத்தில் கேட்டது. கொஞ்சம் கொஞ்சமாய்த் தெளிந்தேன்.

நீங்கள் எனக்கு விலக்கிய சீனிதான் என்னைப் பிழைக்கவைத்தது. இதைக் கொஞ்சம் யோசியுங்கள். நான் யோசித்தேன். கிடந்த இடத்திலேயே யோசித்தேன்.

கொழும்பு ஆஸ்பத்திரியில் எப்படி? தாதி வந்து ஊசி போடுவா. அவ போக, பின்னாலேயே சாப்பாட்டுத் தட்டு வரும். ஊசியும் தட்டும் ஒன்றையொன்று துரத்திக்கொண்டு வரும். அங்கே எனக்கு நடுக்கமும் இல்லை, செங்கல் நிறமும் இல்லை. இங்கே ஊசி பின்னேரம் நாலு மணிக்கு. சாப்பாடு இரவுப் பூசை மணி கேட்டபிறகு. இடையிலே மருந்துக்குத் தின்ன ஒன்றுமில்லை, அது என்னைத் தின்கிறது. பிட்டு வயிற்றுக்குள் போகிறபோது மருந்து அடங்கிப்போகிறது. தடுப்பார் இல்லாத சீனி இரவு முழுக்க ஏறி, விடியச் செங்கல் நிறமாய் வந்து நிற்கிறது. கள்ளி நானா?

ஏன் நாலு மணி? நீங்கள் மறந்திருப்பீர்கள். நான் மறக்கவில்லை. தைப்பொங்கல் லீவில் வந்து நின்றபோது, இந்த முற்றத்தில் வைத்துத்தான் மச்சாள் உங்களைக் கேட்டார்: "தம்பி, விளக்கு வைச்சாப் பிறகு வீட்டிலை ஊசி எடுக்கிறேல்லை. சீதேவி போயிடும். பொழுதுபட முந்திப் போட்டுவிடட்டே?" நீங்கள் பேப்பரிலிருந்து தலை நிமிர்த்தவில்லை. "ஓம் ஓம், எப்ப போட்டாலென்ன, ஊசி ஊசிதானே" என்றீர்கள். அந்த நாளில் தொடங்கியதுதான் இந்தச் செங்கல் நிறம். தைப்பு ஊசியை விளக்கு வைத்தபின் ஒருவருக்கும் கொடுக்காமல் வளர்ந்த மனுசி அவர். பாவம், அவருக்கு இந்த ஊசியும் அதே ஊசிதான். நீங்கள் சயன்ஸ் படித்தவர். உங்களுக்குமா?

இன்றே டொக்டரிடம் போய் நேரத்தைச் சொல்லுங்கள். என் கடிதத்தையே வாசித்துக் காட்டுங்கள். என்னுடைய சொல் ஒருமுறையாவது அவர் காதில் விழட்டும். கூட்டின அளவு ஊசியை இனி நான் ஏற்கமாட்டேன்.

பூரணம்


வெள்ளவத்தை
2-3-1938

அன்புள்ள பூரணத்துக்கு,

என் தந்தி கிடைத்திருக்கும். பின்னேர ஊசி முந்தின அளவுக்கே போதும், இரவுச் சாப்பாட்டுக்கு அரை மணித்தியாலம் முந்திப் போடவேண்டும் என்று டொக்டர் சொன்னதைத்தான் அடித்தேன். நடுக்கம் வந்தால் உடனே சீனியோ பனங்கட்டியோ சாப்பிடவேண்டுமாம். அது கைக்கெட்டும் இடத்தில் இருக்கவேண்டுமாம்.

நீர் கதவடியில் கிடந்ததை வாசித்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. விடுவோம்.

டொக்டர் உம்முடைய கடிதத்தை வாங்கித் தானே வாசித்தார். பிறகு என்னை நல்லாய் ஏசினார். "நேரம் மாத்தினதை ஏன் ஒருத்தரும் எனக்குச் சொல்லேல்லை? நான் ஊசியைக் கூட்டிக் கூட்டி அந்தப் பிள்ளையைக் கொல்லப் பாத்திருக்கிறன்" என்று சத்தம் போட்டார். உம்மைப் பற்றிச் சொன்னது தன்னுடைய பிழை என்று உமக்கு எழுதவும் சொன்னார். எழுதிவிட்டேன்.

இனி நடக்கவேண்டியதைப் பார்ப்போம். அக்காவுக்கு இதெல்லாம் தெரியவேண்டாம். தன் கையால் போட்ட ஊசியால்தான் இப்படி ஆனது என்று கேட்டால் அவர் தாங்கமாட்டார். ஆகவே, மருந்து மாறிவிட்டது, இது புது மருந்து, நேரமும் வேறு, பூட்டும் தேவையில்லை என்று மட்டும் எழுதியிருக்கிறேன். விளக்கு வைத்தபிறகு நீர் பெர்னடெட் வீட்டுக்குப் போய்ப் போட்டுக்கொண்டு வந்துவிடும். எங்கள் வீட்டுக்குள் ஊசி எடுத்ததாயும் இராது, அக்கா மனமும் நோகாது. மாமாவுக்கும் அப்படியே, மருந்து மாறிவிட்டதால் சுகம் என்று ஒரு வரி எழுதிவிடுகிறேன். பழையதைக் கிளறினால் எல்லோருக்கும் மனக்கசப்புத்தான்.

உம்முடைய கடிதங்களில் என்னைப் பற்றி எழுதியது கொஞ்சம் கூடிப்போய்விட்டது. வருத்தத்தில் எழுதியது என்று நான் மன்னித்துவிட்டேன். நீரும் மறந்துவிடும்.

உம்முடைய அன்புள்ள
சீவரத்தினம்


பண்டத்தரிப்பு
12-3-1938

வீட்டுக்காரருக்கு,

காலையில் இப்போது நீலம். முதலில் இரண்டொரு நாள் பச்சை காட்டியது, பிறகு நீலத்தில் நின்றுவிட்டது. இன்று காய்ச்சிவிட்டு, அதை வெயிலில் தூக்கிப் பிடித்துப் பார்த்துக்கொண்டே நின்றேன். ஏதோ நகை பார்ப்பதுபோல நிற்கிறாய் என்று பெர்னடெட் அக்கா வேலிக்கு அங்காலே நின்று சிரித்தா. எனக்கு அப்படித்தான் இருந்தது.

ஆனால் ஊசியை நான் பெர்னடெட் வீட்டில் போடவில்லை. என் வருத்தத்துக்கு என் வீட்டில்தான் மருந்து. தந்தி வந்த அன்றே, விளக்கு வைத்தபிறகு, மச்சாளுக்கு முன்னால் இருந்து என் கையாலேயே தொடையில் போட்டுக்கொண்டேன். கை நடுங்கியது, இது வேறு நடுக்கம். மச்சாள் எழுந்து முற்றத்துக்குப் போய்விட்டார். இரண்டாம் நாளும் போனார். மூன்றாம் நாள் போகவில்லை. "நோகுதே?" என்று கேட்டார். "இல்லை மச்சாள்" என்றேன். "புது மருந்தெண்டு தம்பி எழுதியிருக்கிறான். குப்பி பழையதுபோலை கிடக்குதே?"

உங்கள் அக்காவை நீங்கள் மடைச்சி என்று நினைத்திருக்கிறீர்கள். அவருக்குக் கண் இருக்கிறது.

நான் எல்லாவற்றையும் சொன்னேன். ஏசவில்லை, கூட்டவுமில்லை, குறைக்கவுமில்லை. ஊசி எந்த நேரம், சாப்பாடு எந்த நேரம், இடையில் எனக்கு என்ன ஆகிறது, அவ்வளவுதான். கேட்டுக்கொண்டே இருந்தவர், "அப்ப நீ ராவிலை எடுக்கேல்லை" என்றார். "இல்லை." "ஒருநாளும் எடுக்கேல்லை?" "இல்லை மச்சாள்." அவர் தலையிலே அடித்துக்கொண்டு அழுதார். "என்ரை கையாலை உன்னைக் கொல்லப் பாத்தனே! நான் நல்லதெண்டெல்லோ செய்தனான்!" அவர் நல்லதுக்குத்தான் செய்தார் என்பது எனக்குத் தெரியும். அதையும் சொன்னேன். சொல்லும்போது எனக்கும் அழுகை வந்தது.

அடுத்த நாள் விடியக் கிணற்றடியில் எல்லோரும் நின்ற நேரம், என் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனார். "இஞ்சை கேளுங்கோ எல்லாரும். பூரணம் ஒண்டும் களவாய்த் தின்னேல்லை. நான்தான் நேரம் பிழைச்சு ஊசி போட்டு அவளை வருத்தினனான். இனி ஆரும் ஏதும் கதைச்சால் என்னட்டை வந்து கதையுங்கோ!" வாளி அப்படியே நின்றது. அவருடைய குரல் நடுங்கியது. ஆனால் கடைசி வரை சொல்லி முடித்தார். நீங்கள் தாங்கமாட்டார் என்று எழுதிய மனுசி.

இப்போது விளக்கு வைத்தபின் ஊசிப் பெட்டியை எடுத்துத் தருவது அவர்தான். எடுக்கும்போது வாய்க்குள் ஏதோ தேவாரம் முணுமுணுக்கிறார். சீதேவியைப் போகாதே என்று கேட்கிறாராக்கும். கேட்கட்டும், எனக்கு அதிலே குறையில்லை.

டொக்டர் தன் பிழை என்று சொல்லியனுப்பிவிட்டார். மச்சாள் ஊரறியச் சொல்லிவிட்டார். நீங்கள் என்னை மன்னித்துவிட்டீர்கள்! எதற்கு? நான் இரவில் எடுக்காத பனங்கட்டிக்கா, நான் தாண்டாத பாய்க்கா, இல்லை விழுந்து கிடந்த இடத்தில் சாகாமல் எழும்பியதற்கா? உங்கள் கடிதத்தில் டொக்டரின் மன்னிப்பு இருக்கிறது. உங்களுடையதைத் தேடித் தேடிப் பார்த்தேன். சாப்பாடு இறங்கவில்லை என்ற ஒரு வரியைத்தான் கண்டேன். அந்த வரியை நம்புகிறேன். அதுவும் இல்லாவிட்டால் இந்தக் கடிதமே எழுதியிருக்கமாட்டேன்.

அப்பாவிடமிருந்து தானாக ஒரு செய்தியும் வரவில்லை. நான் ஆள் அனுப்பினேன். மருந்து மாறியதாம், சுகமாம், நல்லது என்று சொல்லிவிட்டாராம். அதாவது, மகள் கள்ளிதான், புது மருந்து வந்து கள்ளத்தனத்தையும் சமாளித்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு அந்த மனுசன் தனியே இருக்கிறார். அன்றைக்கு முந்தி ஒரு நாளும் என் வீட்டுப் படலைக்கு வெளியே நிற்காதவர்.

ஆகவே சித்திரைக்கு லீவு எடுத்து வாருங்கள். சுன்னாகத்தில் இறங்கி நேரே இணுவிலுக்குப் போங்கள். இங்கே வரவேண்டாம். அப்பாவுக்கு முன்னால் நின்று, உங்கள் மகள் எடுக்கவில்லை, நான் விசாரிக்காமல் எழுதினேன் என்று உங்கள் வாயால் சொல்லுங்கள். பிறகு அவரையும் கூட்டிக்கொண்டு இங்கே வாருங்கள். அப்பாவுக்கும் உங்களுக்கும் மச்சாளுக்கும் நானே சமைப்பேன்.

வர முடியாது, லீவு கிடைக்கவில்லை என்று எழுதவேண்டாம். அப்படி எழுதினால் அப்பாவிடம் நான் போவேன். போனால் மருந்து மாறிவிட்டது என்று சொல்லமாட்டேன்.

பூரணம்